வெளிநாட்டில் உள்ள வாழ்க்கைத் துணையுடன் சேர்ந்து வாழச் செல்வோர்: குடியிருப்பு உரிமையும் மருத்துவத் தேவைகளும்

வெளிநாட்டில் பணிபுரியும் அல்லது குடியேறியுள்ள கணவருடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழப் புறப்படும் ஒருவருக்கு விசா, குடியிருப்பு அனுமதி, மருத்துவக் காப்பு ஆகிய மூன்றும் தேவை. இவை மூன்றும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். விசா அந்நாட்டிற்குள் நுழைய அனுமதிக்கிறது. குடியிருப்பு அனுமதி அங்குத் தங்கும் உரிமையைத் தருகிறது. மருத்துவக் காப்பு, நோயுற்றால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்பதை முடிவு செய்கிறது. பெரும்பாலான நாடுகளில் இவை ஒரே நாளில் கிடைப்பதில்லை. விமானத்திலிருந்து இறங்கும் நாளுக்கும் மருத்துவக் காப்பு தொடங்கும் நாளுக்கும் இடையே சில நாட்கள் முதல் சில மாதங்கள் வரை இடைவெளி இருக்கக்கூடும். அந்த இடைவெளியை முன்கூட்டியே அறிந்து நிரப்பிக்கொள்ள இப்பக்கம் உதவும்.

மேற்கு மாம்பலம், தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளில், திருமணம் முடிந்து ஓரிரு வாரங்களில் ஒருவர் பணிக்குத் திரும்பிவிட, மற்றவர் பெற்றோர் வீட்டில் தங்கி விசாவுக்குக் காத்திருப்பது வழக்கமாக உள்ளது. அந்தக் காத்திருப்புக் காலமே மருத்துவ ஆயத்தங்களுக்கு உரிய காலம்.

திருமணப் பதிவும் சான்றுறுதியும்

துணை என்னும் தகுதியில் நீங்கள் கோரும் குடியிருப்பு உரிமைக்கும், துணையின் காப்பீட்டில் உங்கள் பெயரைச் சேர்ப்பதற்கும் திருமணப் பதிவுச் சான்றிதழே அடிப்படை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி திருமணப் பதிவு கட்டாயமாகும். திருமண நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதன் பின்னர் மேலும் 60 நாட்கள் வரை கூடுதல் கட்டணத்துடன் பதிவு செய்யலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் சாட்சிகளுடன் நேரில் வர வேண்டும். துணை பணிக்குத் திரும்பும் முன்னரே பதிவை முடித்துவிடுவது நல்லது. கோயிலோ கல்யாண மண்டபமோ வழங்கும் ரசீது பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது.

சான்றிதழை வெளிநாட்டில் பயன்படுத்த சான்றுறுதி தேவைப்படலாம். சான்றுறுதி குறித்த ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் உறுப்பு நாடாக உள்ளது. பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற உறுப்பு நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதுமானது. ஐக்கிய அரபு அமீரகம் இந்த உடன்படிக்கையில் இல்லை. அங்குச் செல்வோர் அமைச்சகத்தின் சான்றுக்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றையும் பெற வேண்டும்.

திருமணத்திற்குப் பின் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருத்துவ அறிக்கைகள் அனைத்திலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருப்பதே முக்கியம். தலைப்பெழுத்து ஓரிடத்தில் சுருக்கமாகவும் மற்றோரிடத்தில் தந்தை பெயராக விரிந்தும் இருந்தால், பரிசோதனைக்குச் செல்லும் முன்னரே திருத்திக்கொள்ளுங்கள்.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை

எல்லா விசாவுக்கும் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரிபவரின் துணைக்கு வழங்கப்படும் எச்-4 விசாவுக்கு வழக்கமாக அது கோரப்படுவதில்லை. நிரந்தரக் குடியிருப்புக்கான துணை விசாவுக்கு அது கட்டாயம்.

பரிசோதனை தேவைப்படும்போது, அந்தந்த நாடு அங்கீகரித்த மருத்துவரிடமோ மையத்திலோ மட்டுமே செய்துகொள்ள வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவரின் அறிக்கையும், அரசு மருத்துவமனையின் அறிக்கையும் இதற்கு ஏற்கப்படமாட்டா. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் அங்கீகரித்த மையங்கள் சென்னையிலேயே உள்ளன. பட்டியலை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள். முகவர் கூறும் மையத்தைச் சரிபார்க்காமல் பணம் செலுத்த வேண்டாம்.

பிரிட்டன்: 6 மாதங்களுக்கு மேல் தங்கும் விசாவுக்கு இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்போர் காசநோய் இல்லை என்னும் சான்றிதழைப் பெற வேண்டும். 11 வயது நிறைந்தோருக்கு மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படும். சான்றிதழ் 6 மாதங்களுக்குச் செல்லும்.

அமெரிக்கா: துணைக்கான குடியேற்ற விசாவுக்கு உடற்பரிசோதனை, மார்பு எக்ஸ்-கதிர்ப் படம், காசநோய்க்கான இரத்தப் பரிசோதனை, தடுப்பூசிச் சரிபார்ப்பு ஆகியவை உண்டு. நேர்காணல் மும்பை போன்ற வேறு நகரில் நடந்தாலும், பரிசோதனையைச் சென்னையில் முடித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர், வளைகுடா நாடுகள்: காசநோய்க்கும் எச்.ஐ.வி. தொற்றுக்கும் பரிசோதனை உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 18 வயது நிறைந்தோருக்கு இப்பரிசோதனை அந்நாட்டிற்குச் சென்ற பின்னரே நடைபெறுகிறது. அதில் தகுதி பெற்ற பின்னரே குடியிருப்பு அனுமதி வழங்கப்படும். எச்.ஐ.வி. தொற்று இருப்பின் வளைகுடா நாடுகளில் அனுமதி மறுக்கப்படலாம். எனவே புறப்படும் முன்னரே அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் கட்டணமின்றிப் பரிசோதித்து, ஆலோசனை பெறலாம். உங்கள் விவரம் பிறருக்குத் தெரிவிக்கப்படாது.

காசநோய் ஐயம் எழுந்தால்

எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஐயத்திற்குரிய நிழல் தெரிந்தால், சளி மாதிரி எடுத்து வளர்ப்புப் பரிசோதனை செய்வார்கள். அதன் முடிவு வர 8 வாரங்கள் வரை ஆகலாம். பழைய நோயின் ஆறிய தழும்பும் இவ்வாறு தெரியக்கூடும். எனவே பரிசோதனைக்கு முன் பயணச்சீட்டு வாங்குவதும், வேலையிலிருந்து விலகுவதும் உகந்தவை அல்ல. முன்னர் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால் அந்த ஆவணங்களையும் பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். அதை மறைக்க வேண்டாம்.

இரத்தப் பரிசோதனை தொற்றைக் காட்டி, எக்ஸ்-கதிர்ப் படம் இயல்பாக இருந்தால் அது உள்ளுறை தொற்று எனப்படும். அது நோயன்று, பிறருக்குப் பரவாது, அமெரிக்க விசாவுக்குத் தடையும் ஆகாது. குழந்தைப் பருவத்தில் போடப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசி இந்த இரத்தப் பரிசோதனையின் முடிவை மாற்றுவதில்லை.

நோய் உறுதியானால், சிகிச்சையை முழுமையாக முடித்த பின்னரே மீண்டும் விண்ணப்பிக்க இயலும். வழக்கமான சிகிச்சைக்கு 6 மாதங்கள் ஆகும். தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. ஊட்டச்சத்துக்காக மாதந்தோறும் 1,000 ரூபாயும் தரப்படுகிறது. சில நாடுகள் தாம் குறிப்பிடும் மையத்தில் பெறும் சிகிச்சையை மட்டுமே ஏற்கின்றன. ஆகவே மருந்து தொடங்கும் முன், பரிசோதித்த அங்கீகார மருத்துவரிடம் இதனைக் கேட்டறியுங்கள்.

இந்த நோய் எவருக்கும் வரலாம், முழுமையாகக் குணமாகும். காசநோயாளர் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்றுக் குணமடையலாம் என்பதை உலகிற்கு உணர்த்திய ஆய்வு 1950-களின் பிற்பகுதியில் சென்னையில்தான் நடைபெற்றது. நோய் கண்டறியப்பட்டதைக் காரணம் காட்டித் துணையிடமிருந்தோ புகுந்த வீட்டாரிடமிருந்தோ மறைக்குமாறு யாரேனும் அறிவுறுத்தினால் ஏற்க வேண்டாம். உடன் வாழ்ந்தவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படுவதால், மறைப்பது அவர்களுக்கும் தீங்காகும்.

தடுப்பூசிகளும் கருத்தரிப்பும்

அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்குத் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி, ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் உள்ளிட்டவற்றுக்கு எதிரான தடுப்பூசிகள் வயதிற்கேற்பக் கோரப்படுகின்றன. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ளது தட்டம்மை–ரூபெல்லா ஊசி. புட்டாளம்மைக்கு எதிரான கூறு அதில் இல்லை. எனவே குழந்தைப் பருவ அட்டை முழுமையாக இருந்தாலும் கூடுதல் ஊசி தேவைப்படலாம். அட்டை கிடைக்கவில்லையெனில், சில நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் உள்ளதா என்பதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

புதுமணத் தம்பதியர் இரு செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தட்டம்மை–புட்டாளம்மை–ரூபெல்லா ஊசியும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமிகளைக் கொண்டவை. அவற்றைக் கருவுற்ற பெண்களுக்குப் போடக்கூடாது. போட்டுக்கொண்ட பின் ஒரு மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். இரண்டாவதாக, இவ்வகை ஊசிகள் காசநோய் இரத்தப் பரிசோதனையின் முடிவைத் தற்காலிகமாகப் பாதிக்கக்கூடும். ஆகவே பரிசோதனைக்கான இரத்தத்தை ஊசி போடும் நாளிலேயே, அல்லது 4 வாரங்கள் கழித்துக் கொடுப்பது முறை.

நீங்கள் கருவுற்றிருந்தாலோ, கருவுற்றிருக்கக்கூடும் என எண்ணினாலோ, எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள். வயிற்றுப் பகுதிக்குக் காப்புறை அணிவித்துப் படம் எடுப்பது, சளிப் பரிசோதனையை மேற்கொள்வது, மகப்பேற்றுக்குப் பின் எடுப்பது ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்வு செய்ய பிரிட்டன் இடமளிக்கிறது. அமெரிக்கப் பரிசோதனையில், கருவுற்றோருக்கு உயிருள்ள கிருமி ஊசிகளிலிருந்து விலக்கு உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடுவோர் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளலாம்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் செல்வோர் அதற்கான ஊசியைப் பயணத்திற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் இது போடப்படுகிறது. இதன் சான்றிதழ் 2016 முதல் ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது.

சேரும் நாட்டில் மருத்துவக் காப்பு எப்போது தொடங்கும்?

பிரிட்டன்: விசா விண்ணப்பத்துடனேயே குடியேற்ற நலக் கட்டணம் செலுத்த வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு இது ஆண்டுக்கு 1,035 பவுண்ட். இந்தியாவிலிருந்து செல்லும் துணைக்கு முதலில் 33 மாத விசா வழங்கப்படுவதால் மொத்தம் 3,105 பவுண்ட் ஆகும். விசா மறுக்கப்பட்டால் இக்கட்டணம் திருப்பித் தரப்படும். சுகாதாரப் பணியாளர் விசாவில் உள்ளோரின் குடும்பத்தினருக்கு விலக்கு உண்டு. சென்றதும் அருகிலுள்ள பொது மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

அமெரிக்கா: வந்தவுடன் தானாகக் கிடைக்கும் பொது மருத்துவக் காப்பு இல்லை. பெரும்பாலும் துணையின் பணியிடக் காப்பீட்டையே சார்ந்திருப்பீர்கள். திருமணத்தை முன்னிட்டுத் துணையைச் சேர்க்கக் குறைந்தது 30 நாட்கள் அவகாசம் தரப்படுகிறது. அது கணக்கிடப்படுவது திருமண நாளிலிருந்தே. ஆகவே உங்கள் துணை, நீங்கள் வந்து சேரும்வரை காத்திராமல், திருமணம் முடிந்த உடனேயே தம் நிறுவனத்தில் விவரம் கேட்க வேண்டும். தவறினால், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரலாம்.

கனடா: மருத்துவக் காப்பு மாகாணத்தின் பொறுப்பு. ஒன்டாரியோ தன் 3 மாதக் காத்திருப்பை 2020-இல் நீக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில், சென்ற மாதத்தின் எஞ்சிய நாட்களும் அடுத்த 2 மாதங்களும் காத்திருக்க வேண்டும். நீரிழிவு, சிறுநீரக நோய் போன்றவற்றால் மருத்துவச் செலவு மிகும் என்னும் காரணத்தால் மட்டும் கனடா, துணையாக வருவோரை மறுப்பதில்லை.

ஜெர்மனி: முதல் நாளிலிருந்தே காப்பீடு கட்டாயம். பொதுக் காப்பீட்டில் உள்ள ஒருவரின் துணை, வருமானம் இல்லாதவராகவோ குறைந்த வருமானம் உடையவராகவோ இருந்தால், கூடுதல் கட்டணமின்றிக் குடும்பக் காப்பீட்டில் சேரலாம். வீடு புகுந்த 2 வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். விசாவுக்கு வழக்கமாகத் தேவைப்படும் ஏ1 நிலை ஜெர்மன் தேர்வுக்கு, சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள மாக்ஸ் முல்லர் பவனில் பயிலலாம். நீல அட்டை பெற்றோரின் துணைக்கு இத்தேர்விலிருந்து விலக்கு உண்டு.

சிங்கப்பூர்: சார்ந்திருப்போர் அனுமதி பெற, பணிபுரியும் துணையின் நிலையான மாத ஊதியம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளியாக இருக்க வேண்டும். நாட்டின் அடிப்படைக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. எனவே தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம்: துணையை அழைப்பவரின் மாத ஊதியம் குறைந்தது 4,000 திர்ஹாமாக, அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாமாக இருக்க வேண்டும். துபாயில் துணைக்குக் காப்பீடு எடுப்பது அழைப்பவரின் சட்டக் கடமை.

இடைவெளியை நிரப்புதல்

காப்பு தொடங்கும் நாளை உங்கள் துணையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்நாள் வரைக்குமான பயண மருத்துவக் காப்பீட்டை இந்தியாவிலிருந்து புறப்படும் முன்னரே எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வகைக் காப்பீடுகள் பெரும்பாலும் மகப்பேற்றையும் முன்பே உள்ள நோய்களையும் உள்ளடக்குவதில்லை. ஆகவே நீங்கள் கருவுற்றிருந்தால், காப்பு தொடங்கும் நாளைப் பொறுத்தே பயண நாளை முடிவு செய்வது நன்று. 28 வாரங்களுக்குப் பின் பல விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்று கேட்கும். 36 வாரங்களுக்குப் பின் பொதுவாக ஏற்றிக்கொள்வதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பொருந்தாது. இந்தியாவில் நீங்கள் தனியாக எடுத்துள்ள காப்பீட்டை நிறுத்தும் முன் சிந்தியுங்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மீண்டும் தொடங்கும். அது 3 ஆண்டுகள் வரை நீளலாம்.

மருந்துகள்

நம் ஊரில் மருந்தின் வணிகப் பெயரையே பெரிதும் அறிவோம். அப்பெயர் வெளிநாட்டில் பயன்படாது. ஒவ்வொரு மருந்துக்கும் மூலப்பெயரும் அளவும் எழுதிய, மருத்துவர் கையொப்பமிட்ட சீட்டை எடுத்துச் செல்லுங்கள். மருந்துகளை அவற்றின் உறையிலேயே, கைப்பையில் வையுங்கள். கோடீன், டிரமடால் போன்ற வலி நிவாரணிகளும் சில மனநல மருந்துகளும் ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியின்றிக் கொண்டு செல்வது குற்றமாகும்.

மேற்கு மாம்பலம் பகுதியில் வசிப்போருக்கு

மேற்கு மாம்பலம், பெருநகர சென்னை மாநகராட்சியின் கோடம்பாக்கம் மண்டலத்தில் அடங்கும். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தசோகை ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கலாம். கருவுற்றோர் அங்கேயே பிக்மி எண் பெற்றுக்கொள்ளலாம். மகப்பேறு இங்கு நிகழ்ந்தால் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கு அந்த எண் தேவை. ஏரிக்கரைச் சாலையில் உள்ள பப்ளிக் ஹெல்த் சென்டர், 1953-இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை மருத்துவமனை. பெயரைக் கொண்டு அதனை அரசு நிலையமாகக் கருத வேண்டாம்.

புறப்படும் முன் பல், கண் சிகிச்சைகளை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் பொதுக் காப்பு இவற்றை முழுமையாக உள்ளடக்குவதில்லை.

உங்கள் ஆவணங்கள் உங்கள் கையில்

துணையின் தகுதியைச் சார்ந்தே உங்கள் குடியிருப்பு உரிமை அமையும்போதும், பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவை உங்களுக்கே உரியவை. அவற்றை நீங்களே வைத்திருங்கள். நகல்களைப் பெற்றோரிடமும் கொடுத்து வையுங்கள். மருத்துவரிடம் தனியாகப் பேசவும், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் தயங்க வேண்டாம்.

அமெரிக்காவில், திருமணமாகி 2 ஆண்டுகள் நிறைவதற்குள் நிரந்தரக் குடியிருப்பு பெறுவோருக்கு 2 ஆண்டுகளுக்கான நிபந்தனை அட்டை வழங்கப்படுகிறது. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் இணைந்து விண்ணப்பிக்க வேண்டும். துன்புறுத்தலுக்கு உள்ளானவர் தனித்தும் விண்ணப்பிக்கலாம். பிரிட்டனிலும் கனடாவிலும் குடும்ப வன்முறைக்கு உள்ளான துணைகளுக்குத் தனி ஏற்பாடுகள் உள்ளன. வன்முறையைச் சகித்தால்தான் அந்நாட்டில் தங்க முடியும் என்று கூறப்பட்டால் நம்ப வேண்டாம். வெளிநாட்டில் கைவிடப்பட்ட இந்தியப் பெண்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாகச் சட்ட உதவியும் நிதி உதவியும் கோரலாம்.

அவசர அழைப்பு எண்கள்

பிரிட்டன் 999, அமெரிக்கா, கனடா 911, ஜெர்மனி 112, ஆஸ்திரேலியா 000, சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் 995, ஐக்கிய அரபு அமீரகம் ஆம்புலன்ஸ் 998.

புறப்படும் முன் சரிபார்க்க

• திருமணப் பதிவுச் சான்றிதழ், தேவையான சான்றுறுதியுடன்
• அங்கீகார மையத்தின் பரிசோதனைச் சான்று, அது முடியும் நாள்
• தடுப்பூசி அட்டை, இரத்த வகை, ஒவ்வாமை விவரம்
• மருந்துச் சீட்டு, மூலப்பெயர்களுடன்
• கருவுற்றோர்: பிக்மி எண், ஸ்கேன் அறிக்கைகள்
• மருத்துவக் காப்பு தொடங்கும் நாள், அதுவரைக்குமான பயணக் காப்பீடு
• துணையின் முகவரி, சேரும் நாட்டின் அவசர எண், இந்தியத் தூதரக எண்

கட்டணங்களும் ஊதிய வரம்புகளும் மாறுதலுக்கு உட்பட்டவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416, மகளிர் உதவிக்கு 181 ஆகிய எண்களைத் தமிழ்நாட்டிலிருந்து எந்நேரமும் அழைக்கலாம்.